டாசன்ஸ் க்ரீக் தொடரில் பழைய பாட்டுகள் ஏன் இல்லை, அவற்றை எப்படித் தேடிப் பிடிப்பது?

டாசன்ஸ் க்ரீக் என்ற அமெரிக்க டீன் தொடரை இருபது வருடம் கழித்து ஓடிடியில் திரும்பப் பார்க்கிறீர்கள். பள்ளி நாட்களில் மனப்பாடமாக இருந்த காட்சிகளில் வேறு ஏதோ பாட்டு ஒலிக்கிறது. அன்று தொண்டையை அடைத்த இடங்கள் இன்று சப்பென்று கடந்து போகின்றன. "என் ஞாபகம் பிசகுகிறதா, எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை தொடரையே மாற்றிவிட்டார்களா? பழையபடி பார்க்க வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் பெரும்பங்கு மூன்றாவதுக்குத்தான். பாட்டு உரிமம் பேசி வாங்கும் வேலையில் இருப்பவன் என்பதால் அந்தப் பக்கத்தை முதலில் விரிவாகச் சொல்கிறேன். ஞாபகம், வயது பற்றிய பகுதியில் எனக்குத் தெரிந்தது குறைவு. அங்கே எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது இது. தொடர் 1998 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் டபிள்யூபி சேனலில் தொடங்கியது, 2003 மே 14 அன்று முடிந்தது. மொத்தம் 6 சீசன், 128 எபிசோட். டைட்டிலில் வந்தது பாலா கோல் பாடிய 'ஐ டோன்ட் வான்ட் டு வெயிட்'. அது தொடருக்காகப் போட்ட பாட்டே இல்லை. 1996-இல் வந்த அவருடைய 'திஸ் ஃபயர்' ஆல்பத்தில் இருந்து எடுத்தது. தொடர் டிவிடியாக வந்தபோது முதல் இரண்டு சீசன்களில் இந்த டைட்டில் பாட்டு அப்படியே இருந்தது. மூன்றாவது சீசனிலிருந்து கனடாப் பாடகி ஜேன் ஆர்டனின் 'ரன் லைக் மேட்' அந்த இடத்துக்கு வந்தது. ஓடிடிக்குத் தொடர் போனபோதும் இந்த மாற்றுப் பாட்டுதான் போனது. 2020 நவம்பரில் அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸில் ஆறு சீசனும் ஏறியபோது பழைய ரசிகர்கள் கொதித்துப் போனதற்கு இதுவே காரணம். அடுத்த வருடம் உடன்பாடு ஏற்பட்டு, பாலா கோல் தாமே மறுபடி பாடிப் பதிவுசெய்த வடிவம் டைட்டிலுக்குத் திரும்பியது. ஆகவே எந்த வருடம், எதில் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று வெவ்வேறு டைட்டில்களில் ஒன்றைக் கேட்டிருப்பீர்கள்: 1996-இன் அசல் பதிவு, ஜேன் ஆர்டன், அல்லது பாலா கோலின் புதுப் பதிவு. இதில் கவனிக்க வேண்டியது, திரும்பி வந்தது டைட்டில் பாட்டு மட்டும்தான். காட்சிகளுக்குள் ஒலித்து, பிறகு மாற்றப்பட்ட பாட்டுகளின் கணக்கு தனி. உங்களை உறுத்துவது பெரும்பாலும் அவைதான்.

ஏன் மாற்றினார்கள் என்பதற்கு, ஒரு பாட்டைக் காட்சியில் போட எத்தனை பேரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். பதிவான ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று, மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு. இது எழுதியவருக்கோ, அவர் சார்பில் உரிமையைக் கவனிக்கும் மியூசிக் பப்ளிஷருக்கோ சொந்தம். இன்னொன்று, ஸ்டுடியோவில் பாடிப் பதிவுசெய்த ஒலி. இதை மாஸ்டர் என்பார்கள், பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனிக்குச் சொந்தம். முதலாவதைப் படத்தோடு சேர்க்க சிங்க் லைசென்ஸ் வேண்டும், இரண்டாவதுக்கு மாஸ்டர் லைசென்ஸ் வேண்டும். இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும் பாட்டைப் போட முடியாது. நம் சினிமாப் பாட்டு படத்துக்கென்றே உருவாகி, படத்தோடு சேர்ந்தே பயணிப்பது. அதனால் இந்தச் சிக்கல் நமக்குப் பழக்கமில்லை. அமெரிக்க டீன் தொடர்களோ கடையில் விற்றுக்கொண்டிருந்த ஆல்பங்களில் இருந்து பாட்டுகளை வாடகைக்கு எடுத்தன. அந்த வாடகை ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுதியிருக்கும்: எத்தனை வருடம், எந்தெந்த நாடு, எந்தெந்த ஊடகம்.

1998-இல் இந்த மூன்றையும் குறுக்கி வாங்குவதுதான் புத்திசாலித்தனமாக இருந்தது. டிவிடி அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1997-இல். முழு சீசனைப் பெட்டியாக விற்கும் வியாபாரம் அப்போது பிறக்கவில்லை. நெட்ஃபிளிக்ஸ் வீடியோவை இணையத்தில் ஓடவிட்டது 2007-இல்தான். ஆகவே "டிவி ஒளிபரப்பு மட்டும், இத்தனை வருடம்" என்று வாங்கினால் விலை குறைவு. "எல்லா ஊடகத்துக்கும், என்றென்றைக்கும்" என்று கேட்டால் பல மடங்கு. வாரத்துக்கு ஒரு எபிசோட் முடித்துக் கொடுக்க வேண்டிய தயாரிப்பாளர், வராத சந்தைக்குப் பணம் கட்டமாட்டார். கட்டாததைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்து டிவிடி போட வேண்டும் என்றபோது ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாகப் பேச வேண்டியதாயிற்று. ஒரு உத்தேசக் கணக்கு போட்டுப் பாருங்கள். எபிசோடுக்கு 6 பாட்டு என்று வைத்துக்கொண்டால் 128 எபிசோடுக்கு 768 இடம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு லைசென்ஸ், ஆக 1,536 அனுமதி. இது நான் விளக்கத்துக்குப் போட்ட கணக்கு, தொடரின் உண்மை எண்ணிக்கை இல்லை. அளவு எப்படிப் பெருகுகிறது என்பது மட்டும் இதில் தெரியும்.

அனுமதிகளின் எண்ணிக்கையைவிடக் கொடியது அவற்றின் பின்னல். ஒரு பாட்டை மூன்று பேர் சேர்ந்து எழுதி, மூவருக்கும் தனித்தனி பப்ளிஷர் இருந்தால் மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். பத்து சதவீதப் பங்கு வைத்திருப்பவர் மறுத்தாலும் பாட்டு இல்லை. இதற்கு மேல், எம்எஃப்என் என்று துறையில் சொல்லும் ஒரு ஷரத்து உண்டு. அந்தப் பாட்டில் பங்குள்ள யாருக்காவது கூடுதல் விலை கொடுத்தால் மற்றவர்களுக்கும் அதே விகிதத்தில் கொடுத்தாக வேண்டும். பப்ளிஷரிடம் 1,000 டாலருக்குப் பேசி முடித்திருப்பீர்கள், ரெக்கார்டு கம்பெனி 3,000 கேட்கும். அதற்குத் தலையாட்டினால் மொத்தச் செலவு 4,000 இல்லை, 6,000. இப்படி ஒரே ஒரு பாட்டின் விலை ஏறி, அந்த எபிசோடுக்கு ஒதுக்கிய பணம் முழுவதையும் தின்றுவிடும். இன்னொரு பக்கம், பேசுவதற்கே ஆள் இல்லாத பாட்டுகள். 1999-இல் ஒரே ஆல்பம் போட்டுக் கலைந்துபோன குழு, மூடப்பட்ட சின்ன லேபிள், அதன் பட்டியலை வாங்கியவரிடமிருந்து வாங்கிய இன்னொருவர். பணம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் யாரிடம் கொடுப்பது என்று தெரியாது. இப்படிப்பட்ட பாட்டைப் போட்டு வழக்கு வாங்குவதைவிட எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்றுதான் எந்த வக்கீலும் சொல்வார்.

டாசன்ஸ் க்ரீக் விஷயத்தில் இது கூடுதலாகக் கடித்ததற்குக் காரணம், அந்தத் தொடரின் இசைக்கொள்கையே அப்படி. எபிசோட் முடிந்ததும் ஆல்பம் அட்டையைக் காட்டி, "இன்றைய எபிசோடில் இடம்பெற்ற இசை" என்று பாடகர் பெயரைச் சொன்னது ஞாபகம் இருக்கும். அது ரசிகர்களுக்கான உபகாரம் மட்டுமில்லை, பண்டமாற்று. டபிள்யூபி சேனல் அந்த நொடிகளை விளம்பரமாகக் கொடுத்தது, பதிலுக்கு ரெக்கார்டு கம்பெனிகள் பாட்டைக் குறைந்த விலைக்குக் கொடுத்தன. புதிய பாடகர்களுக்கு அது பெரிய மேடை. ரேடியோவில் நுழைய முடியாதவர்களின் குரல் லட்சக்கணக்கான பதின்வயதினரின் காதில் விழுந்தது. அந்தத் தலைமுறையின் ரசனையை உருவாக்கியதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் டிவிடியில் அந்த அட்டை கிடையாது. ஓடிடியில் அடுத்த எபிசோட் தானாகத் தொடங்கிவிடும். கொடுப்பதற்குப் பண்டம் இல்லாதபோது முழு விலை கட்ட வேண்டும். மலிவாக வந்த பாட்டுகள்தான் பின்னால் முதலில் விழுந்தன.

டைட்டில் பாட்டை பாலா கோல் ஏன் மறுபடி பாட வேண்டியிருந்தது என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. பாட்டை எழுதியவர் அவரே, ஆனால் 1996-இல் பதிவான மாஸ்டர் ரெக்கார்டு கம்பெனியின் கையில். ஒப்பந்தத்தில் "இத்தனை வருடத்துக்கு இதே பாட்டை வேறு யாருக்கும் பதிவுசெய்து தரக்கூடாது" என்ற தடை வழக்கமாக இருக்கும். அந்தக் காலம் கடந்தால் பாடகர் புதிதாகப் பாடி, அந்தப் புது மாஸ்டருக்குத் தானே உரிமையாளர் ஆகலாம். அப்போது தயாரிப்பாளர் பேச வேண்டிய ஆட்கள் குறைகிறார்கள். டெய்லர் ஸ்விஃப்ட் 2021 முதல் தன் பழைய ஆல்பங்களைப் புதிதாகப் பாடி வெளியிட்டதும் இதே வழிதான். பாட்டுத்தளங்களில் தேடும்போது இரண்டு பதிவும் அடுத்தடுத்து வரலாம், ஆல்பம் பெயரையும் வருடத்தையும் பார்த்து எடுங்கள். உங்கள் காதில் இருப்பது 'திஸ் ஃபயர்' ஆல்பத்தில் உள்ளது. முழுப் பாட்டு 5 நிமிடத்துக்கு மேல் ஓடும், டைட்டிலில் கேட்டது அதன் சுருக்கம்.

இந்தத் தொடர் மட்டும் தனியாகச் சபிக்கப்பட்டதில்லை. எம்டிவியின் டரியா 1997 முதல் 2002 வரை ஓடியது. அந்தச் சேனலுக்கு இசைக் கம்பெனிகளோடு இருந்த உறவால் அன்றைய ஹிட் பாட்டுகளைக் காட்சிக்குக் காட்சி தூவினார்கள். 2010-இல் டிவிடி வந்தபோது ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது. தி வொண்டர் இயர்ஸ் முடிந்தது 1993-இல், முழுத் தொடர் டிவிடியாக வர 2014 ஆயிற்று. எதிர்த்திசையில் ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ். 18 எபிசோடே ஓடி நின்றுபோன தொடர். பாட்டை மாற்றிப் போடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்து, 2004-இல் அசல் பாட்டுகளோடு டிவிடி கொண்டுவந்தார்கள். 18 எபிசோடுக்கு அது முடியும், 128-க்கு அதே பிடிவாதம் கட்டுப்படியாகாது. 2003-இல் தொடங்கிய தி ஓ.சி. வேறு காலத்துப் பிள்ளை. டிவிடி சந்தை கண்முன்னே இருந்தது. மியூசிக் சூப்பர்வைசர் அலெக்ஸாண்ட்ரா பட்சாவஸ் தேர்ந்தெடுத்த பாட்டுகள் 2004 முதல் 2006 வரை ஆறு தொகுப்பு ஆல்பங்களாகவே விற்றன. தொடரின் பாட்டும் ஒரு சரக்கு என்று முதல் நாளிலிருந்தே நினைத்தவர்கள் ஒப்பந்தத்தையும் அதற்கேற்ப எழுதுவார்கள்.

இப்போது, பாட்டு மாறினால் காட்சி ஏன் செத்துப்போகிறது என்பதற்கு வருகிறேன். கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தொடரின் ஒலியை மிக்ஸ் செய்யும்போது வசனம், இசை, மற்ற ஓசைகள் என மூன்று தனி ட்ராக்காக வைத்திருப்பார்கள். வெளிநாட்டு டப்பிங்குக்கு இது அவசியம். அதனால் வசனத்தையும் கதவுச் சத்தத்தையும் தொடாமல் பாட்டை மட்டும் உருவிவிட்டு வேறொன்றை வைப்பது தொழில்நுட்பரீதியில் எளிது. தொடருக்கென்றே இசையமைத்த பின்னணி இசை தயாரிப்பாளரின் சொத்து, அதில் கைவைக்கத் தேவையில்லை. சிக்கல் படத்தில் இருக்கிறது. அசல் பாட்டை ஓடவிட்டு, அதன் தாளத்தில்தான் எடிட்டர் ஷாட்டுகளை வெட்டியிருப்பார். வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில், நிமிடத்துக்கு 90 தட்டு உள்ள பாட்டு என்றால் 16 ஃப்ரேமுக்கு ஒரு தட்டு. ஷாட் 16, 32, 48, 64, 80 என்ற ஃப்ரேம்களில் மாறும். இப்போது அங்கே நிமிடத்துக்கு 100 தட்டு உள்ள பாட்டை வையுங்கள். தட்டு 14.4 ஃப்ரேமுக்கு ஒன்றாக வரும். முதல் வெட்டில் விலகல் 1.6 ஃப்ரேம், கண்ணுக்குத் தெரியாது. ஐந்தாவது வெட்டு 80-ஆவது ஃப்ரேமில் விழும், தட்டுகளோ 72-லும் 86.4-லும். அதாவது வெட்டு இரண்டு தட்டுகளுக்குக் கிட்டத்தட்ட நடுவில் மாட்டிக்கொள்கிறது. 144-ஆவது ஃப்ரேமில் இரண்டும் மறுபடி கைகோக்கும், உடனே விலகத் தொடங்கும். ஆறு வினாடிக்கு ஒருமுறை சேர்ந்து பிரியும் இந்தத் தடுமாற்றத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. "ஏதோ ஒட்டவில்லை" என்று மட்டும் உடம்புக்குத் தெரியும்.

தாளம் ஒரு பங்குதான். பாத்திரம் பேசி முடித்து மௌனமாகிற நொடியில் பாடகியின் குரல் உள்ளே வரும், சொல்ல முடியாமல் போனதை அவள் வரி சொல்லும். மாற்றுப் பாட்டில் அதே இடத்தில் கிடார் மட்டும் வாசித்துக்கொண்டிருக்கும், அல்லது சம்பந்தமில்லாத வரி வந்து வசனத்தின் கடைசிச் சொல்லை மறைக்கும். கதைக்குள்ளேயே கார் ரேடியோவிலோ விருந்து நடக்கும் ஹாலிலோ ஒலிக்கும் பாட்டு இன்னொரு தலைவலி. அசல் மிக்ஸில் அடி ஒலியையும் உச்ச ஒலியையும் குறைத்து, அறையின் எதிரொலியைச் சேர்த்து, அது அந்த இடத்தில்தான் ஒலிக்கிறது என்று நம்ப வைத்திருப்பார்கள். அவசரத்தில் மாற்றும்போது இந்த வேலையை விட்டுவிட்டால் சின்ன ரேடியோவிலிருந்து சினிமா தியேட்டர் ஒலி வரும். ஆடும் காட்சிகளில் கால் ஒரு தாளத்துக்கும் காது இன்னொரு தாளத்துக்கும் போகும். இப்படி மாற்றும்போது அசலின் மனநிலைக்குக் கிட்டத்தட்ட வரும் மலிவான பாட்டைத்தான் தேடுவார்கள். சில இடங்களில் நன்றாகவே அமைந்துவிடும், அதையும் சொல்ல வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாத எபிசோடுகள் உண்டு.

ஞாபகமும் வயதும் பற்றி. 1981 முதல் 1996 வரை பிறந்தவர்களை மில்லேனியல் என்று ப்யூ ஆய்வு மையம் வகுக்கிறது. தொடர் தொடங்கியபோது அவர்களில் மூத்தவர்களுக்கு 16, 17 வயது, முடிந்தபோது 21, 22. பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான நினைவுகள் பிற்காலத்தில் மற்றவற்றைவிட அதிகமாகவும் தெளிவாகவும் எழுகின்றன என்பது நினைவு ஆராய்ச்சியில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. சொந்த வாழ்க்கை நினைவோடு கட்டுண்ட பாட்டைக் கேட்கும்போது மூளையின் முன்பகுதியில், நடுக்கோட்டை ஒட்டிய ஓர் இடம் விழித்துக்கொள்வதை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெட்ர் ஜனாட்டா 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இந்த அளவுக்கு நம்பலாம். "இத்தனை வயதில் மனிதனின் இசை ரசனை உறைந்துவிடும்" என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு சுற்றும் செய்திகளை நான் நம்புவதில்லை, ஆளுக்கு ஆள் அது மாறுகிறது. உங்களை அழவைத்தது பாட்டா, காட்சியா, அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களா என்று பிரிப்பதும் யாராலும் ஆகாது.

அதே நேரம், ஞாபகம் உங்களை ஏமாற்றும் வாய்ப்பும் உண்மையிலேயே இருக்கிறது. பாட்டு மாறிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் இதைச் சோதித்துவிடுங்கள். அடுத்த வார எபிசோடுக்கான முன்னோட்டத்தில் ஒரு பாட்டு போடுவார்கள், அது எபிசோடுக்குள் இருக்காது. 1999-இல் வந்த தொடரின் பாட்டுத்தொகுப்பு ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், அதிலுள்ள பாட்டுகளைத் தங்களுக்குப் பிடித்த காட்சிகளோடு தாமாகவே ஒட்டிக்கொண்டார்கள். சிக்ஸ்பென்ஸ் நன் தி ரிச்சர் குழுவின் 'கிஸ் மீ' அந்த ஆல்பத்தில் இருக்கிறது. அதே பாட்டு அதே வருடம் 'ஷீஸ் ஆல் தட்' என்ற படத்திலும் வந்து, பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. படத்தில் பார்த்ததையும் தொடரில் பார்த்ததையும் கலந்து சொல்பவர்கள் ஏராளம்.

சரி, மீட்கும் வேலை. முதலில் காட்சியைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்: சீசன், எபிசோட், பாட்டு தொடங்கும் நிமிடம், வினாடி, யார் யார் இருக்கிறார்கள். பிறகு சப்டைட்டிலைப் போடுங்கள். காது கேளாதோருக்கான சப்டைட்டிலில் பாட்டு வரிகளும் இசைக்குறியோடு வரும். ஒலியை மாற்றியவர்கள் சில நேரம் எழுத்தை மாற்ற மறந்துவிடுவார்கள். காதில் ஒரு பாட்டும் திரையில் வேறு பாட்டின் வரியும் வந்தால், திரையில் இருப்பதுதான் நீங்கள் தேடுவது. அந்த வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் வேலை முடிந்தது. ஷஸாம் போன்ற செயலியை ஓடும் காட்சிக்கு நேரே காட்டாதீர்கள், மாற்றுப் பாட்டின் பெயரைத்தான் சொல்லும். மெட்டு மட்டும் ஞாபகம் இருந்தால் கூகுளின் முணுமுணுத்துத் தேடும் வசதியில் பத்துப் பதினைந்து வினாடி பாடிப் பாருங்கள். பல்லவி இருந்தால் பலிக்கும், இடையிசை மட்டும் இருந்தால் பெரும்பாலும் பலிக்காது.

இவை உதவாவிட்டால் அந்தக் காலத்து ரசிகர்களின் இணையப் பக்கங்கள். எபிசோட் வாரியாகப் பாட்டுப் பட்டியல் போட்டு வைத்தவர்கள் அன்று பலர், அவர்கள் எழுதியது ஒளிபரப்பில் கேட்டதை. தளங்கள் மறைந்திருந்தாலும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் 1999 முதல் 2003 வரையான பிரதிகள் கிடைக்கலாம். பட்டியலின் தேதியைக் கட்டாயம் பாருங்கள். டிவிடி வந்த பிறகு எழுதியதில் மாற்றுப் பாட்டுகள் கலந்திருக்கும். இரண்டு பட்டியல் ஒத்துப்போனால் நம்பலாம். ஆனால் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியதா என்று எழுத்துப்பிழைகளை ஒப்பிடுங்கள், ஒரே பிழை இரண்டிலும் இருந்தால் அது ஒரே சாட்சிதான். பெயர் கிடைத்ததும் ஆஸ்காப், பிஎம்ஐ என்ற அமெரிக்க இசை உரிமைச் சங்கங்கள் இரண்டின் பொதுத் தேடலில் பாட்டைப் போட்டால் எழுதியவர், பப்ளிஷர் விவரம் வரும். ஒரே தலைப்பில் பத்துப் பாட்டு இருக்கும்போது சரியானதைப் பிடிக்க இது உதவும். ஒவ்வொரு எபிசோடுக்கும் எந்தப் பாட்டு எத்தனை வினாடி என்று எழுதிய க்யூ ஷீட் என்ற ஆவணமும் உண்டு. அதுதான் முடிவான சாட்சி, ஆனால் தயாரிப்பாளரும் உரிமைச் சங்கங்களும் அதை வெளியாருக்குத் தருவதில்லை.

டிவிடி வாங்க நினைத்தால் பெட்டியின் பின்பக்கச் சிறு எழுத்தைப் படியுங்கள். இந்த வெளியீட்டுக்காகச் சில இசை மாற்றப்பட்டுள்ளது என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் உள்ளே மாற்றம் உறுதி. அந்த வரி இல்லாததை மட்டும் வைத்து அசல் என்று நம்பிவிடாதீர்கள். ஐரோப்பிய டிவிடிகளில் இன்னொரு வேறுபாடு வரலாம். 24 ஃப்ரேம் படத்தை அங்குள்ள 'பால்' (PAL) என்ற டிவி முறைக்காக 25 ஃப்ரேமில் ஓடவிட்டிருந்தால், 42 நிமிட எபிசோட் 40 நிமிடத்துக்குச் சற்று மேலே முடிந்துவிடும், பாட்டின் சுருதியும் அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு ஏறி ஒலிக்கும். அதைக் கேட்டுவிட்டு "இது வேறு பதிவு" என்று நினைத்துவிடக் கூடாது.

பாட்டு கையில் கிடைத்த பிறகு, காட்சியோடு சேர்த்துக் கேட்க ஒரு எளிய வழி இருக்கிறது. வசனமே இல்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள், எபிசோடின் கடைசி ஓரிரண்டு நிமிடம் பெரும்பாலும் அப்படி இருக்கும். தொடரின் ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, இன்னொரு கருவியில் அசல் பாட்டை ஓடவிடுங்கள். பாட்டு முதல் வரியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மியூசிக் எடிட்டர் பெரும்பாலும் முகப்பிசையை வெட்டி, ஒரு சரணத்தைத் தாண்டி, பல்லவியின் உச்சத்தைக் கடைசி ஷாட்டில் கொண்டுவந்து வைப்பார். அதனால் முன்னாலிருந்து பொருத்துவதைவிடப் பின்னாலிருந்து பொருத்துவது எளிது. படம் கறுப்பாகும் நொடியைக் குறித்து, பல்லவி முடியும் இடத்தை அதனோடு சேர்த்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடங்குங்கள். வெட்டுகள் தட்டில் விழத் தொடங்கினால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். நடுவில் திடீரென விலகினால் அங்கே எடிட்டர் பாட்டை வெட்டி ஒட்டியிருக்கிறார் என்று பொருள். பாட்டைச் சில வினாடி முன்னே தள்ளிப் பாருங்கள். வசனம் உள்ள காட்சிகளில் இதைச் செய்ய முடியாது. ஒலியை அணைத்தால் வசனம் போகும், அணைக்காவிட்டால் இரண்டு பாட்டும் மோதும். இப்படிச் சேர்த்ததை வீட்டில் பார்ப்பதோடு வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஏற்றினால் படத்துக்கும் பாட்டுக்கும் உரியவர்கள் இருவரிடமிருந்தும் அறிவிப்பு வரும்.

அமெரிக்காவில் இருந்த உறவினர் யாராவது அந்த நாட்களில் டிவியிலிருந்து விஎச்எஸ் டேப்பில் பதிவுசெய்து வைத்திருந்தால், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதுவே மேலானது. அசல் பாட்டு, எபிசோட் முடிவில் வந்த ஆல்பம் அட்டை, முன்னோட்டம் எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்க டேப் என்டிஎஸ்சி முறையில் இருக்கும், பால் முறை மட்டும் தெரிந்த நம் ஊர் வீடியோ ப்ளேயரில் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். இரண்டு முறையும் ஓடும் ப்ளேயர் வேண்டும். டேப்பைப் போடும் முன் பக்கவாட்டு மடலைத் திறந்து, வெளிச்சத்தில் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போலப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓடவிட்டால் ப்ளேயரின் ஹெட் அடைபடும், அடுத்துப் போடும் டேப்புக்கும் அது பரவும், டேப்பும் அறுந்து போகலாம். அதைச் சுத்தம் செய்து தருபவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் முதல் முறை ஓட்டும்போதே கணினியில் பதிவு செய்துவிடுங்கள். பழைய டேப் இரண்டாம் முறையும் அதே தரத்தில் ஓடும் என்று நம்பி, முதலில் ஒருமுறை ஆசைதீரப் பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.